அனிமேஷன் மென்பொருளில் பிரேம் நேரத்தை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலும் வீட்டுக் கணினியில் தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ அனிமேஷன் குறும்படம் செய்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பிளெண்டர், கிரிட்டா, ஓபன்டூன்ஸ், பென்சில்2டி ஆகிய நான்கும் விலையின்றிக் கிடைப்பவை என்பதால் எடுத்துக்காட்டுகள் அவற்றைச் சார்ந்தே இருக்கின்றன. அசைவு சரியாக வரவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருடைய ஓவியம் நன்றாகவே இருக்கிறது. நேரம் விநாடியில் அளக்கப்படாமல் நேரடியாகப் பிரேம் எண்ணாக ஊகிக்கப்பட்டிருப்பதே குறையாக இருக்கிறது. ஆகவே கீழுள்ள பதில்கள் பலவும் கடிகாரத்திலிருந்து தொடங்குகின்றன.

பிரேம் ரேட், டைமிங் இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. பிரேம் ரேட் என்பது ஒரு விநாடியில் எத்தனை பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், காட்டப்படும் என்ற அமைப்பு. படம் முழுவதற்கும் அது ஒன்றே. டைமிங் என்பது ஒரு செயல் எத்தனை பிரேம்களில் நடந்து முடிகிறது, ஒவ்வொரு ஓவியமும் எத்தனை பிரேம் நிற்கிறது என்ற உங்கள் தீர்மானம். முதலாவதை ஒரே முறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம். இரண்டாவதை ஒவ்வொரு ஷாட்டிலும் புதிதாக யோசிக்க வேண்டும்.

24, 25, 30 ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேசும் படம் வந்தபோது ஒலித்தடம் சீரான வேகத்தில் ஓட வேண்டிய தேவை ஏற்பட்டது. அப்போது நிலைபெற்ற அந்த எண்ணே இன்றுவரை திரைப்படத்தின் வழக்கமாக இருக்கிறது. அனிமேஷன் செய்பவருக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. 24 என்பது 2, 3, 4, 6, 8, 12 ஆகிய எண்களால் மீதியின்றி வகுபடுவதால் அரை விநாடி, கால் விநாடி, மூன்றிலொரு விநாடி எல்லாம் முழு எண்ணாகவே வந்துவிடும். 25-ஐ இரண்டாக வகுத்தாலே பன்னிரண்டரை வந்து நிற்கும்.

தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் செய்கிறீர்கள் என்றால் 25 வேண்டும். இந்தியத் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸ் முறையைப் பின்பற்றுவதே அதற்குக் காரணம். கைபேசியில் எடுத்த காணொளியின் மேல் அனிமேஷனைப் பதிக்கப் போகிறீர்கள் என்றால், பெரும்பாலான கைபேசிகள் 30 பிரேமில் பதிவு செய்வதால், 30-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது. 60 பிரேம் வைத்தால் தரம் உயரும் என்ற எண்ணம் கையால் வரையும் அனிமேஷனுக்குப் பொருந்தாது. வேலை பெருகும், வரைந்த அசைவின் அழுத்தம் குறையும்.

அந்த அமைப்பு எங்கே இருக்கிறது?

பிளெண்டரில் அவுட்புட் பிராப்பர்ட்டீஸ் பகுதியில், படத்தின் அளவுக்குக் கீழே உள்ளது. கிரிட்டாவில், பிரேம்கள் வரிசையாகத் தெரியும் டைம்லைன் பலகையின் அமைப்புப் பொத்தானுக்குள் தொடக்க பிரேம், இறுதி பிரேம் ஆகியவற்றோடு இருக்கிறது. ஓபன்டூன்ஸில் ஸீன் செட்டிங்ஸ் சாளரத்தைத் திறக்க வேண்டும். பென்சில்2டியில் டைம்லைனின் மேலேயே எண்பெட்டியாக இருக்கிறது. அது தானாக 12 என்று தொடங்கும் என்பதால் வரையத் தொடங்கும் முன் கட்டாயம் பாருங்கள். மற்ற மூன்றும் 24-இல் தொடங்குகின்றன.

எண்ணிடும் முறையும் மாறுபடும். கிரிட்டாவில் முதல் பிரேம் 0, பிளெண்டரில் 1. ஒரு விநாடி என்பது முன்னதில் 0 முதல் 23 வரை, பின்னதில் 1 முதல் 24 வரை. ஒன்றில் வரைந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒலியில் ஒரு பிரேம் பிசகுவதைக் கண்டால் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

பட்டியலில் 23.976, 29.97 என்று இருக்கின்றனவே, அவை யாருக்கு?

வட அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் வண்ணத் தொலைக்காட்சி முறையிலிருந்து வந்த எண்கள் அவை. 24-ஐயும் 30-ஐயும் 1.001-ஆல் வகுத்தால் கிடைப்பவை. அந்த நாடுகளின் ஒளிபரப்புக்காகக் கேட்டு வாங்கும் வேலை என்றாலன்றி நமக்குத் தேவையில்லை. ஒலியமைப்பவர் 24-இலும் நீங்கள் 23.976-இலும் வேலை செய்தால் பத்து நிமிடப் படத்தின் இறுதியில் 0.6 விநாடி, அதாவது 14 பிரேம், விலகியிருக்கும். ஒரு நிமிடத் துண்டில் அது கண்ணில் படாது. அதனால்தான் கடைசிவரை கவனிக்காமல் போய்விடுகிறது.

விநாடிக்கு 24 ஓவியம் வரைந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். இதை இரண்டுகளில் வரைதல் என்பார்கள்; கையால் வரையும் அனிமேஷனில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் செய்யப்படுகிறது. மூன்று பிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 8 ஓவியங்கள். அமைதியான பேச்சு, மெல்ல ஆடும் தென்னங்கீற்று போன்றவற்றுக்கு அதுவே போதும்.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைப்பது தவறு. ஓடுதல், எறிதல், அலை பாறையில் மோதிச் சிதறுதல் போல ஓவியத்துக்கு ஓவியம் இடைவெளி மிகுந்துபோகும் இடங்களில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஓர் ஓவியம் வேண்டும். ஓடுகிறவர் ஓர் அடியை 6 பிரேமில் எடுத்து வைக்கிறார் என்றால் இரண்டுகளில் மூன்றே ஓவியங்கள்தான் கிடைக்கும். கால் தூக்கியதும் ஊன்றியதும் தெரியும், இடையில் நடந்தது தெரியாது. நிதானமாக நடப்பவருக்கோ ஓர் அடிக்கு 12 பிரேம், முதியவருக்கு 16 அல்லது 18 பிரேம் என்று இருப்பதால் இரண்டுகளே போதுமானவை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்போது அந்த நகர்வு ஒவ்வொரு பிரேமிலும் நடக்கும். பாத்திரம் இரண்டு பிரேமுக்கு ஒருமுறைதான் மாறும். அதனால் தரையில் ஊன்றிய கால் வழுக்குவதாகவும், உருவம் அதிர்வதாகவும் தோன்றும். அத்தகைய ஷாட்டில் பாத்திரத்தையும் ஒன்றுகளில் வரைய வேண்டும். முடியாவிட்டால் கேமராவையும் இரண்டுகளில் நகர்த்த வேண்டும். முன்னதுதான் சிறந்தது.

ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஒன்றை வரைந்தேன். ஒரு சுற்றை 9 பிரேமில் முடித்தபோது சரியாகச் சுழன்றது. இரண்டுகளில் மாற்றியதும் பின்னோக்கிச் சுழல்கிறது. மென்பொருளின் கோளாறா?

மென்பொருள் சொன்னதைச் செய்திருக்கிறது. காற்றாலையின் மூன்று இறக்கைகளும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொன்றுக்கும் இடையே 120 பாகை. எந்த இறக்கை எது என்று கண்ணுக்குத் தெரியாததால், அடுத்த படத்தில் மிக அருகில் இருக்கும் இறக்கையையே முந்தைய படத்தின் இறக்கையாக அது எடுத்துக்கொள்கிறது. 9 பிரேமில் ஒரு சுற்று என்றால் பிரேமுக்கு 40 பாகை. 40 பாகை முன்னே வந்ததாகக் கொள்வதே 80 பாகை பின்னே போனதாகக் கொள்வதைவிட எளிது என்பதால் சுழற்சி சரியாகத் தெரிந்தது. இரண்டுகளில் மாற்றியவுடன் படத்துக்குப் படம் 80 பாகை ஆகிவிட்டது. இப்போது 40 பாகை பின்னோக்கி வந்ததாகக் கொள்வதே அருகிலுள்ள விடை. மூன்று இறக்கைகளுக்கு எல்லை 60 பாகை. அதற்குக் கீழேயே எப்போதும் நில்லுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. 9 பிரேமில் ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு 160 சுற்றுகள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் நிற்கும் எந்தப் பெரிய காற்றாலையும் அப்படிச் சுழல்வதில்லை. சாலையோரம் நின்று, ஓர் இறக்கையைக் கண்ணால் பற்றிக்கொண்டு, பத்துச் சுற்றுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். பழைய சிறிய காற்றாலைகள் வேகமாகவும், புதிய பெரியவை மெதுவாகவும் சுழல்வதால் எதை வரைகிறீர்களோ அதையே அளக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 3 விநாடி என்று வந்தால் 72 பிரேம். பிரேமுக்கு 5 பாகை. இறக்கைகள் ஒத்தவையாக இருப்பதால் 120 பாகைக்கு, அதாவது 24 பிரேமுக்கு வரைந்தாலே லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு, முடிந்துவிடும். இரண்டுகளில் என்றால் 12 ஓவியங்களே போதும். பொருள் பெரியது என்ற உணர்வைப் பார்ப்பவருக்குத் தருவது அதன் உருவ அளவைக் காட்டிலும் இந்த மெதுவான சுழற்சிதான்.

பிளெண்டரில் செய்கிறவர்கள், கீ பிரேம்களுக்கு (பொருளின் நிலையை நீங்களே குறித்த பிரேம்களுக்கு) இடையிலான வளைவைப் பெசியர் என்ற நிலையிலிருந்து, வேகம் மாறாத லீனியருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் காற்றாலை தயங்கித் தயங்கிச் சுழலும்.

தேங்காய் விழும் காட்சியில் கனமே தெரியவில்லை. பஞ்சு இறங்குவதுபோல இருக்கிறது. ஏன்?

மேலிருந்து கீழே இரண்டு கீ பிரேம் வைத்து, இடைவெளியைச் சமமாக நிரப்பியிருப்பீர்கள். விழும் பொருள் சமவேகத்தில் விழுவதில்லை. சம நேரத் துண்டுகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். சுமார் 20 மீட்டர் உயர்ந்த தென்னையிலிருந்து காய் தரையைத் தொட ஏறக்குறைய 2 விநாடி, அதாவது 48 பிரேம் ஆகும். முதல் 12 பிரேமில் 1.2 மீட்டர், அடுத்த 12-இல் 3.7, அதற்கடுத்து 6.1, கடைசி 12-இல் 8.6 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள்.

படத்தில் மரம் முழுவதும் தெரிகிறதா, கடைசி மூன்று மீட்டர் மட்டும் தெரிகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். கடைசி மூன்று மீட்டரைக் காய் 4 பிரேமுக்குள் கடந்துவிடும். அண்மைக் காட்சியில் அதை 20 பிரேமுக்கு நீட்டினால் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் பஞ்சாகத்தான் தெரியும்.

கன்னியாகுமரிக் கடலை லூப்பாகச் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் விக்கி நிற்கிறது. திரும்பத் திரும்ப வருவதும் அப்பட்டமாகத் தெரிகிறது.

விக்கல் நீங்குவது எளிது. முதல் ஓவியமும் கடைசி ஓவியமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கருதி இரண்டையும் லூப்புக்குள் வைத்திருப்பீர்கள். அதனால் ஒரே படம் இருமுறை காட்டப்படுகிறது. 72 பிரேம் லூப் என்றால் முதல் ஓவியத்தின் நகலை 73-ஆவது பிரேமில் வைத்து, இறுதி பிரேமை 72 என்று அமையுங்கள்.

திரும்ப வருவதை மறைக்கக் கடலை அடுக்குகளாகப் பிரிப்பதே வழி. தொலைவிலுள்ள நீர்ப்பரப்பு, நடுவில் எழும் அலை, விவேகானந்தர் பாறையின் அடியில் மோதும் நுரை என்று மூன்று அடுக்குகளாக்கி, அவற்றுக்கு முறையே 120, 96, 72 பிரேம் என்று வெவ்வேறு நீளம் கொடுங்கள். மூன்றும் மீண்டும் ஒரே நிலையில் சந்திக்க 1440 பிரேம், அதாவது முழுமையாக ஒரு நிமிடம் ஆகும். நீங்கள் செய்திருப்பதோ 12 விநாடிக்கான வேலைதான். நுரை அடுக்கை ஒன்றுகளிலும், தொலைநீரை மூன்றுகளிலும் வரைந்தால் ஆழமும் கூடும்.

வில்லுப்பாட்டு ஒலிப்பதிவுக்கு ஏற்ப அசைவை எப்படி அமைப்பது?

சீரான தாளத்துக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. பிரேம் ரேட்டை 60-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்பது கிடைக்கும். 24 பிரேமில் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 12 பிரேம். 96 என்றால் 15. 90 என்றால் 16. நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 14.4 என்று பின்னமாக வரும். அப்போது 14, 14, 15, 14, 15 என்று மாற்றி வைத்தால் ஐந்து தட்டுகளில் 72 பிரேம் ஆகிக் கணக்கு நேராகிவிடும். ஒவ்வொன்றையும் 14 என்றே வைத்தால் அறுபது தட்டுகளில் ஒரு விநாடி முந்திவிடுவீர்கள்.

ஆனால் வில்லுப்பாட்டு இயந்திரத் தாளத்தில் நிற்பதில்லை. கதை சூடுபிடிக்கும்போது வீசுகோலும் உடுக்கையும் குடமும் சேர்ந்து வேகமெடுக்கும்; வசனம் வரும் இடத்தில் தாளம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே அந்தக் கலையின் உயிர் என்பதால், ஒலிப்பதிவை மென்பொருளால் சீராக்கி வாய்பாட்டுக்குள் அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டை இசைக்க விட்டு ஒவ்வொரு தட்டுக்கும் குறியிடுங்கள். பிளெண்டரில் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே டைம்லைன் மீது சுட்டியை வைத்து எம் விசையை அழுத்தினால் அந்த பிரேமில் ஒரு குறி விழும். கை சற்றுத் தாமதிப்பதால் குறிகள் இரண்டு மூன்று பிரேம் பிந்தியிருக்கும். ஒலியலையின் முகட்டைப் பார்த்து அவற்றை முன்னே இழுத்துவிடுங்கள்.

வீசுகோல் வில்லின் நாணைத் தொடும் ஓவியம், ஒலி கேட்கும் பிரேமிலோ அதற்கு ஒரு பிரேம் முன்னரோ இருக்க வேண்டும். பின்னர் இருக்கவே கூடாது. பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்று சொல்லும்போது தலை அசைவை ஒலிக்கு 3 அல்லது 4 பிரேம் முன்பே தொடங்கினால்தான் அவர் கேட்டுப் பதில் சொல்வதாகத் தோன்றும்.

ஒலியை 48,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 24 பிரேமில் ஒரு பிரேமுக்குச் சரியாக 2000 மாதிரிகள் (ஒலி அளவிடப்படும் புள்ளிகள்) என்று முழு எண்ணாக அமையும். 44,100-இல் அது 1837.5 ஆகிவிடும்.

உதட்டசைவு பேச்சுடன் பொருந்தவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ப, ம ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள். இவற்றுக்கு உதடுகள் முழுவதும் மூட வேண்டும். மற்ற எழுத்துகளில் சிறு பிழை இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், இவற்றில் பொறுக்காது. மூடிய வாய் குறைந்தது 2 பிரேமாவது நிற்க வேண்டும். ஒற்று இரட்டித்தால் மூடல் நீளும்: "ஆமா" என்பதில் 2 பிரேம் என்றால் "அம்மா" என்பதில் 4 பிரேம் ஆகலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் பள்ளியில் படித்த கணக்கு முதல் வரைவுக்கு நன்றாகவே உதவுகிறது. குறிலுக்கு 3 பிரேம், நெடிலுக்கு 6 என்று வைத்துக்கொண்டு தொடங்கி, பிறகு ஒலியைக் கேட்டுத் திருத்துங்கள். விளவங்கோடு பக்கத்துப் பேச்சு நாகர்கோவில் பேச்சிலிருந்து இழுப்பிலும் ஏற்ற இறக்கத்திலும் வேறுபடுவதால், குரல் கொடுப்பவரின் பதிவு கைக்கு வருமுன் உதட்டசைவை வரைந்து முடிப்பது வீண்வேலை.

எல்லா வாய் நிலைகளையும் ஒலிக்கு ஒரு பிரேம் முன்னதாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே சரியாகத் தோன்றும்.

தோல்பாவைக்கூத்தின் பாணியில் ஒரு படம் செய்ய விரும்புகிறேன். அதற்கென்று தனி டைமிங் உண்டா?

உண்டு. இதை நம் மாவட்டத்தில் செய்ய முன்வருகிறவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு; இந்தக் கலையை நிகழ்த்தும் குடும்பங்கள் இங்கேயே வாழ்கின்றன, நேரில் பார்த்து அளக்க முடியும். பாவையின் முகம் மாறாது. உடல் பெரும்பாலும் ஒரே தகடு. கையோ தலையோ மட்டும் மூட்டில் ஆடும். ஆகவே கோபமும் சிரிப்பும் அழுகையும் நேரத்தால் மட்டுமே தெரிய வேண்டும். பேசும் பாவை அசைய, கேட்கும் பாவை முற்றிலும் அசையாமல் நிற்கட்டும். அந்த அசையாமையை 30, 40 பிரேம்வரை துணிந்து நீட்டலாம்.

பழைய கலை என்பதால் விட்டுவிட்டு அசைய வேண்டும் என்று பலர் மூன்றுகளிலோ நான்குகளிலோ அமைக்கிறார்கள். அது பொருந்தாது. பாவையை இயக்குவது மனிதக் கை. அதன் அசைவு தொடர்ச்சியானது. எனவே பாவையின் நகர்வை ஒன்றுகளிலேயே வையுங்கள். கை ஓங்கி அடிக்கும் வேகம் 3 பிரேம், அடித்த பின் தொங்கி ஆடி அடங்குவது 20 பிரேம் என்ற வகையில் ஏற்றத்தாழ்வு இருக்கட்டும். பாவை திரையை ஒட்டும்போது நிழல் கூர்மையாகி, விலகும்போது மங்குவதையும் இதே பிரேம்களோடு இணைத்தால் தோலும் விளக்கும் திரையில் உணரப்படும்.

பாதி வேலை முடிந்த பிறகு 24-ஐ 30 ஆக்கச் சொல்கிறார்கள். எண்ணை மாற்றினால் போதுமா?

போதாது. கீ பிரேம்கள் தாம் இருந்த எண்ணிலேயே நிற்கும். 240 பிரேம் 10 விநாடியாக இருந்தது 8 விநாடியாகச் சுருங்கும், ஒலியோ சுருங்காது. பிளெண்டரில் டோப் ஷீட் என்ற கீ பிரேம் பட்டியலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முதல் பிரேமில் நின்றபடி 1.25 மடங்கு விரித்து, பின்னர் முழு எண்களுக்கு ஒட்டச் செய்யலாம். மென்பொருள் இடைநிரப்பும் அசைவுகளுக்கு இது போதுமானது. கையால் இரண்டுகளில் வரைந்த ஓவியங்கள் இரண்டரை பிரேம் நிற்க முடியாதென்பதால் 2, 3, 2, 3 என்று மாறி நின்று அசைவைத் தடுமாற வைக்கும். அத்தகைய படத்தை 24-இலேயே முடித்துவிட்டு, வெளியீட்டில் 30-க்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டவரிடம் பேசிப் பாருங்கள்.

இயக்கிப் பார்க்கும்போது மெதுவாக ஓடுகிறது. டைமிங்கை எப்படி நம்புவது?

நம்பக் கூடாது. மெதுவாக ஓடுவதைப் பார்த்து அசைவுகளைச் சுருக்கிவிட்டால், வெளியீட்டில் எல்லாம் பறக்கும். பிளெண்டரில் பிளேபேக் பட்டியலில் ஒலியோடு ஒத்தோடும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். கணினி திணறினால் பிரேம்களைத் தாண்டும், நேரம் பிசகாது. கிரிட்டாவிலும் பிரேம்களைத் தாண்டவிடும் தேர்வு உண்டு. அதைவிட உறுதியானது, சிறிய அளவில் ஒரு முன்னோட்டக் காணொளியை வெளியிட்டுப் பார்ப்பது.

கைபேசிக் காணொளியை அடியில் வைத்து வரைந்தேன். தொடக்கத்தில் பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது.

கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப பிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன. மென்பொருளுக்குள் கொண்டுவரும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற கருவியால் அதை மாறாத பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இறுதி வெளியீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

நேரடியாகக் காணொளிக் கோப்பாக ரெண்டர் செய்யாமல், பிரேமுக்கு ஒரு படம் என்று பிஎன்ஜி வரிசையாக வெளியிடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். அந்த வரிசையை எஃப்எஃப்எம்பெக் கருவியால் காணொளியாக்கும்போது, பிரேம் ரேட்டை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது 25 என்று தானாக எடுத்துக்கொள்ளும். 720 பிரேம் 30 விநாடிக்குப் பதிலாக 28.8 விநாடியில் முடிந்துவிடும், கடைசி வசனங்கள் உதட்டசைவுக்குப் பின்னால் கேட்கும். ஜிஃப் கோப்பாக வேண்டுமென்றால், அந்த வடிவம் விநாடியின் நூற்றிலொரு பங்கில்தான் நேரத்தைக் குறித்துவைக்கும் என்பதால் 24 பிரேம் அதில் துல்லியமாக அமையாது. 4 பங்கு நின்றால் 25 பிரேம், 5 பங்கு நின்றால் 20 பிரேம். இரண்டுகளில் வரைந்த லூப்பை 8 பங்கு என்று வைத்தால் விநாடிக்குப் பன்னிரண்டரை ஓவியம் ஆகும். அந்தச் சிறு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.